லாஸ் ஏஞ்சலிஸில் ஒரே ஒரு ராத்திரி: ஆசியச் சாப்பாட்டுக்கு எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பலாம்?

"ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கு. நோபுவுக்குப் போகலாமா, கொரியாடவுனுக்குப் போகலாமா?"

வேலை விஷயமாக வருபவர்கள், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைச் சுற்றிக் காட்டுபவர்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். நோபு விலைகூடிய ஜப்பானிய உணவகம், கொரியாடவுன் கொரியக் கடைகள் நிறைந்த வட்டாரம். கேட்கும்போதே கையில் ஒரு பட்டியலும் இருக்கும். பட்டியலில் இருக்கும் கடை எல்லாமே நாலரை நட்சத்திரம். அப்புறம் எதை வைத்து முடிவெடுப்பது?

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மேஜையைச் சுற்றி யார் யார் உட்காரப் போகிறீர்கள்? லாஸ் ஏஞ்சலிஸில் ஆசியச் சாப்பாடு மோசமாக இருந்து ராத்திரி பாழானதை நான் அதிகம் பார்த்ததில்லை. நல்ல கடைக்குத் தவறான ஆட்களைக் கூட்டிப்போய்ப் பாழானதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு மூன்று என் கைங்கர்யம்.

## முதலில் பார்க்க வேண்டியவை

யார் என்ன சாப்பிடுவார்கள். சைவமா அசைவமா என்பதோடு நம் வீடுகளில் கதை முடிவதில்லை. கோழியும் ஆடும் மட்டும் தொடுபவர்கள், மீன் வரைக்கும் வருபவர்கள், முட்டை சரி ஆனால் முட்டை வாசம் வரக்கூடாது என்பவர்கள், ஹலால் பார்ப்பவர்கள் என்று ஒரே மேஜையில் நாலு கட்சி உட்காரும். கிழக்காசியச் சமையலில் மாடும் பன்றியும்தான் நடுநாயகம். மீன் சாறு கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் இருக்கும்.

தூரம். மேற்கே பகட்டான பெவர்லி ஹில்ஸிலிருந்து கிழக்கே சீனக் கடைகள் நிறைந்த சான் கேப்ரியலுக்கு வரைபடத்தில் இருபது மைல் சொச்சம். வியாழன் மாலை ஐந்தரைக்கு 10ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆகும். பசியோடு இருக்கும் குழந்தை பின்சீட்டில் இருந்தால் அதையே மூன்று மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பில்லின் கடைசி வரி. மெனுவில் நூறு டாலர் என்றால் கையை விட்டுப் போவது நூறு அல்ல. விற்பனை வரி கிட்டத்தட்ட பத்து சதவீதம், டிப்ஸ் பதினெட்டிலிருந்து இருபது. நூறு, நூற்று முப்பது ஆகிவிடும். வண்டியை நிறுத்த வாலேவிடம் கொடுத்தால் இன்னும் பத்து, பதினைந்து. இதற்கு மேல் சில உணவகங்கள் 'சேவைக் கட்டணம்' என்று தனியாக ஒன்று போடும். மறைமுகக் கட்டணங்களைத் தடுக்கக் கலிபோர்னியா கொண்டுவந்த சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, உணவகங்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. மெனுவில் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஆகவே மெனுவின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். பதினெட்டு சதவீதம் ஏற்கெனவே போட்டிருந்தால் அதற்கு மேல் டிப்ஸ் வைப்பது உங்கள் தாராள மனசு.

பேச முடியுமா. இதை யாரும் யோசிப்பதில்லை. காது மந்தமான மாமாவை இசை அதிரும் இடத்துக்குக் கூட்டிப்போய், இரண்டு மணி நேரம் சைகையிலேயே பேசியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு ஆளுக்கு, வரியும் டிப்ஸும் சேர்த்து, மது இல்லாமல், நான் போடும் உத்தேசக் கணக்கு இது:

| பகுதி | டாலர் | சைவம் | இடம் கிடைப்பது |
|---|---|---|---|
| பெவர்லி ஹில்ஸ், மாலிபு | 150 முதல் 250 | கேட்டால் நிம்மதி | முன்பதிவு கட்டாயம் |
| கொரியாடவுன் | 45 முதல் 60 | சிரமம் | வரிசை |
| சான் கேப்ரியல் பள்ளத்தாக்கு | 25 முதல் 40 | கடையைப் பொறுத்து | வார இறுதியில் கூட்டம் |
| தாய் டவுன் | 25 முதல் 35 | சொல்லத் தெரிந்தால் சரி | பெரும்பாலும் உடனே |
| உணவு விற்கும் லாரி, சந்தை | 15 முதல் 25 | பார்த்து வாங்கலாம் | நின்றுகொண்டே |

## பெவர்லி ஹில்ஸ், மாலிபு: பகட்டுக்குக் கொடுக்கும் காசு

ஆசியச் சமையலை மேற்கத்திய மேஜைக்கு ஏற்ப மாற்றும் பாணிக்கு இந்த ஊர் ஒரு பிறந்த வீடு. ஆஸ்திரியாக்காரரான வுல்ஃப்காங் பக் 1983ல் சான்டா மோனிக்காவில் ஷின்வா ஆன் மெய்ன் என்ற உணவகத்தைத் திறந்து சீனத்தையும் பிரெஞ்சையும் ஒரே தட்டில் வைத்தார். நோபு மட்சுஹிசா ஜப்பானில் சுஷி கற்று, பெருவில் கடை நடத்தி, அலாஸ்காவில் திறந்த கடை தீயில் போய், கடைசியில் இங்கே வந்து 1987ல் பெவர்லி ஹில்ஸில் மட்சுஹிசாவைத் தொடங்கியவர். பச்சை மீனின் மேல் பச்சை மிளகாய்த் துண்டு வைக்கும் துணிச்சல் பெருவில் ஒட்டிக்கொண்டது. மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுதில் ஊறவைத்துச் சுட்ட அவருடைய கருங்காட் மீனைப் பார்த்து உலகம் பூராவும் நகலெடுத்தார்கள். அங்கே வாடிக்கையாகச் சாப்பிட வந்த ஹாலிவுட் நடிகர் ராபர்ட் டி நீரோ கூட்டாளியாகி, 1994ல் நியூயார்க்கில் முதல் நோபு வந்தது. மாலிபு கிளை கடலை ஒட்டியே இருக்கிறது.

நீங்கள் இங்கே காசு கொடுப்பது பாதி சாப்பாட்டுக்கு, பாதி அந்த அறைக்கு. அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும் என்றால் அதற்கு ஒரு விலை இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த நேரத்து மேஜை வாரக் கணக்கில் முன்னாலேயே போய்விடும். கிடைத்தது ராத்திரி ஒன்பதரை மணி மேஜை என்றால் வெளியே கடல் இருக்காது, கறுப்புக் கண்ணாடிதான் இருக்கும். அப்படியானால் மாலிபு வரை ஓட்டாதீர்கள். இன்னொன்று, முன்பதிவை ரத்து செய்யாமல் விட்டால் பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று அட்டையில் பிடித்துக்கொள்வார்கள்.

தட்டுகளும் சின்னவை. மூன்று தட்டு வந்த பிறகும் நம் ஆட்கள் "சாப்பாடு எப்போ வரும்?" என்று கேட்பார்கள்.

இதையெல்லாம் படித்தால் இந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்று நான் சொல்வதாகத் தோன்றும். இல்லை. சுத்த சைவம் சாப்பிடும் பெரியவர் கூட இருந்தால், எனக்கு மனசு நிம்மதியாக இருப்பது இங்கேதான். காரணத்தை அடுத்த பகுதியில் சொல்கிறேன், ஏனென்றால் அது கொரியாடவுனில் ஆரம்பித்த கதை.

## கொரியாடவுன்: புகை, கத்தரிக்கோல், நடுராத்திரி

நகரத்தின் நடுவில், வில்ஷயர் சாலையை ஒட்டி. மெட்ரோ ரயிலிலேயே வந்து இறங்கலாம், இந்த ஊரில் அது அபூர்வம். மேஜையின் நடுவில் அடுப்பு. இறைச்சியை நீளமாகப் பரப்பிவிட்டு, பரிமாறும் அம்மா ஒரு கையில் இடுக்கியும் மறு கையில் பெரிய கத்தரிக்கோலுமாக வருவார். துணி வெட்டுவதுபோலச் சரக் சரக்கென்று வெட்டிப் போடுவார். நாம் திருப்பிப் போட இடுக்கியை எடுத்தால் கையில் லேசாகத் தட்டு விழும். அவர் சொல்லும்வரை தொடக்கூடாது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு சின்னக் கிண்ணங்களில் தொட்டுக்கொள்ள வைப்பார்கள். அதற்குப் பெயர் பன்சான். கேட்கக் கேட்க வரும், காசு கிடையாது.

நாலைந்து நண்பர்கள், எல்லோரும் மாடும் பன்றியும் சாப்பிடுபவர்கள், ராத்திரி பதினொன்றுக்குப் பசி என்றால் யோசிக்கவே வேண்டாம், இங்கேதான். 'எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்' கடைகளில் தலைக்கு முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டாலர். ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான் என்று பலகை இருக்கும். தட்டில் மிச்சம் வைத்தால் தனிக் கட்டணம் என்ற பலகையும் பக்கத்திலேயே இருக்கும். பார்க்கிங் இடம் கைக்குட்டை அளவு. அதனால் சின்னக் கடைத்தெருவில்கூட ஒரு வாலே நிற்பார், சில டாலர்தான், வாதாடாமல் கொடுத்துவிடுங்கள். தெருவில் நிறுத்தலாம் என்று நினைத்தால் ஒரே கம்பத்தில் அஞ்சு பலகை இருக்கும், அஞ்சும் வேறு வேறு நேரம் சொல்லும். போட்டிருக்கும் சட்டையை மறுநாள் போட முடியாது, புகை அப்படி ஏறும்.

கோழி மட்டும் சாப்பிடுபவருக்கு இங்கே பாதி மெனு இல்லை. இருக்கும் கோழியும் மற்றவர்களின் மாட்டிறைச்சி கிடந்த அதே கம்பிமேல்தான் வேகும்.

சைவம் இன்னும் சிக்கல். சித்தியும் சித்தப்பாவும் வந்திருந்தபோது, டோஃபு என்பது சோயாவில் செய்யும் பனீர் மாதிரிதானே, டோஃபு சூப் கடையில் என்ன பயம் என்று கூட்டிப்போனேன். மெனுவில் 'காய்கறி' என்று போட்டிருந்ததைத்தான் சித்திக்குச் சொன்னேன். கறுப்பு மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வந்தது. சித்தி ஊதி ஊதி இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது தடவை கரண்டியை அடியில் விட்டுக் கிளறியபோது, விரல் நீளத்துக்கு ஒரு நெத்திலி மேலே வந்து படுத்தது. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளைச் சோற்றையும் முளைப்பயறையும் மட்டும் சாப்பிட்டு முடித்தார். கடையைக் குறை சொல்ல முடியாது. கொரியச் சமையலில் நெத்திலி வேகவைத்த தண்ணீர்தான் பாதிக் குழம்புக்கு அடிப்படை. நாம் தண்ணீர் ஊற்றுவதுபோல அவர்கள் அதை ஊற்றுகிறார்கள். கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாயிலும் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட கூனி இறாலோ இருக்கும். காய்கறி இருக்கிறதா என்று கேட்டேன், மீன் இல்லையா என்று கேட்கவில்லை. தப்பு என்னுடையது.

மறுநாள் பரிகாரமாக மேற்கே ஒரு விலைகூடிய ஜப்பானிய உணவகத்துக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் வைக்கும் முன்பே பரிசாரகர் கேட்ட முதல் கேள்வி, யாராவது எதையாவது தவிர்ப்பவர்களா என்பது. சொன்னதும் உள்ளே போய்ச் சமையல்காரரிடம் கேட்டுவிட்டு வந்தார். "மிசோ சூப்பில் மீன் சாறு இருக்கிறது, உங்களுக்குக் கொண்டுவர மாட்டேன். கத்தரிக்காய்க்குப் போடும் மிசோவில் இல்லை, அது சாப்பிடலாம்" என்றார். சித்தி அந்தக் கத்தரிக்காயை இரண்டாவது முறையும் வாங்கினார். பில்லைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது வேறு விஷயம்.

பகட்டான இடத்தில் விலையோடு சேர்த்து வாங்குவது இதைத்தான். ஒவ்வாமை பயத்தில் அவர்கள் ஒவ்வொரு குழம்பிலும் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். சின்னக் கடையில் ருசி கூடவே இருக்கலாம். கேட்டுச் சொல்ல ஆளுக்கு நேரம் இருக்காது.

## சான் கேப்ரியல் பள்ளத்தாக்கு: தூரம் பார்க்காதவர்களுக்கு

சீனச் சாப்பாடு என்றதும் சுற்றுலாக்காரர்கள் டவுன்டவுன் பக்கத்துச் சைனாடவுனுக்குப் போய் விளக்குத் தோரணத்தோடு படம் எடுத்துக்கொள்வார்கள். எடுக்கட்டும். சாப்பிட வேண்டுமானால் இன்னும் கிழக்கே போக வேண்டும். மான்டரே பார்க், அல்ஹாம்ப்ரா, சான் கேப்ரியல், ரோஸ்மீட், ஆர்கேடியா என்று ஊர் ஊராகச் சீனப் பலகைகள் வரும். 1970களிலிருந்து தைவான், ஹாங்காங், அப்புறம் சீனாவின் மற்றப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் குடியேறிய இடம். தைவானின் டின் டாய் ஃபங் அமெரிக்காவில் முதல் கிளையை 2000ல் ஆர்கேடியாவில் திறந்தது சும்மா இல்லை. வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே இங்கே குடியிருந்தார்கள்.

'சீனச் சாப்பாடு' என்று ஒன்று கிடையாது என்பது இங்கே வந்தால் புரியும். தென்சீனத்துக் கான்டன் கடையில் டிம் சம் என்ற சின்னச் சின்னப் பலகாரங்கள், பக்கத்துக் கட்டடத்தில் காரமான சிச்சுவான் சமையல், அதற்கடுத்து வடமேற்கே ஷியான் பக்கத்து நூடுல்ஸ். மாடும் பன்றியும் வேண்டாம், ஆடு கோழி போதும் என்னும் நம் ஆட்களுக்கு இந்தக் கடைசிக் கடைதான் சொர்க்கம். பட்டையாக இழுத்த நூடுல்ஸ், சீரகம், காய்ந்த மிளகாய், ஆட்டுக்கறி. சீரக வாசம் மூக்கில் ஏறியதும் ஊர் ஞாபகம் வராதவர் இல்லை. ஹலால் பார்ப்பவர்களுக்குச் சீன முஸ்லிம்கள் நடத்தும் உணவகங்களும் இந்தப் பக்கம் உண்டு. அங்கே பன்றி வாசமே கிடையாது.

சைவருக்கும் இங்கே வழி இருக்கிறது, ஆனால் சாதாரணக் கடையில் இல்லை. அங்கே வெறும் பீன்ஸ் வறுவல் கேட்டாலும் மேலே பன்றிக்கொத்து தூவி வரும். மாப்போ டோஃபு என்ற காரக் குழம்பில் கொத்துக்கறி இருப்பது வழக்கம். முள்ளங்கிப் பணியாரம் என்று நம்பி வாங்கியதில் உலர்ந்த இறாலும் சீன சாசேஜும் இருக்கும். பௌத்த சைவக் கடையைத் தேடிப் போங்கள். சீன பௌத்த சைவத்தில் கறி மீன் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. வெங்காயம் பூண்டு தொடாத பாட்டியை லாஸ் ஏஞ்சலிஸில் ஆசியச் சாப்பாட்டுக்குத் தைரியமாகக் கூட்டிப்போகக்கூடிய இடம் இதுதான் என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. இன்னும் கிழக்கே ஹசியெண்டா ஹைட்ஸில் 1988ல் கட்டி முடித்த ஷி லாய் கோயில் இருக்கிறது. அங்கே உணவுக்கூடத்தில் மதியச் சைவச் சாப்பாடு போடுவார்கள். கிளம்பும் முன் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிம் சம்முக்கு ராத்திரி போகாதீர்கள். அது காலைச் சாப்பாடு. சனி ஞாயிறு பத்து மணிக்கு முன்னால் போனால் உட்காரலாம். பதினொன்றுக்குப் போனால் எண் எழுதிய சீட்டைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நிற்கலாம். சில கடைகளில் தள்ளுவண்டி வரும், சில கடைகளில் சீட்டில் பென்சிலால் குறிக்க வேண்டும். குழந்தைகள் இருந்தால் தள்ளுவண்டிக் கடை. பார்த்துக் கைகாட்டினால் போதும். டீ தீர்ந்தால் கூப்பிட வேண்டாம், கெட்டில் மூடியைச் சாய்த்துத் திறந்து வைத்தால் நிரப்பிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் உங்கள் கோப்பையில் டீ ஊற்றினால் மேஜையில் இரண்டு விரலால் தட்டுங்கள். நன்றி என்று அர்த்தம்.

மறைமுகச் செலவு பெட்ரோலும் நேரமும்தான். ஹாலிவுட்டில் அறை எடுத்திருப்பவர் வாடகைக் காரில் போய்வந்தால் சாப்பாட்டில் மிச்சம் பிடித்தது காரில் போய்விடும். கையில் ரொக்கமும் வைத்திருங்கள், அட்டை வாங்காத கடைகள் இன்னும் இருக்கின்றன. வாசல் கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'ஏ' அல்லது 'பி' ஒட்டியிருக்கும். 1998லிருந்து மாவட்டச் சுகாதாரத் துறை கொடுக்கும் மதிப்பெண் அது, தொண்ணூறும் அதற்கு மேலும் 'ஏ'. 'பி' போட்ட கடையில் நான் சந்தோஷமாகச் சாப்பிட்டிருக்கிறேன். மாமனார் மாமியாரை மட்டும் கூட்டிப்போகவில்லை.

## தாய் டவுன்: ஹாலிவுட்டில் தங்குபவர்களுக்கு

ஹாலிவுட் நடைபாதை நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டுக் கால் வலியோடு நிற்கிறீர்கள் என்றால், அதே சாலையில் கிழக்கே கொஞ்சம் போனால் தாய் டவுன். 1999ல் நகராட்சி முறைப்படி பெயர் சூட்டியது. நம் நாக்குக்கு எடுத்தவுடன் பிடிப்பது இந்தச் சாப்பாடுதான்: தேங்காய்ப் பால், புளி, மிளகாய், கொத்தமல்லி. காரம் எவ்வளவு என்று கேட்பார்கள். 'தாய் காரம்' என்று மீசையை முறுக்காதீர்கள். தென் தாய்லாந்துக் குழம்பில் ஆந்திராக்காரர்களே தண்ணீர் கேட்டதைப் பார்த்திருக்கிறேன்.

சைவர்கள் 'ஜே' என்ற ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். தாய் மொழியில் கறி, மீன், முட்டை, மீன் சாறு எதுவும் இல்லாத விரதச் சாப்பாடு என்று பொருள். வெறுமனே காய்கறி என்றால் மீன் சாறு வந்துவிடும். பச்சைக் குழம்பின் அரைத்த விழுதிலேயே இறால் இருக்கும் என்பதால் அதை விட்டுவிட்டு, அந்த நிமிடமே வதக்கித் தரும் எதையாவது கேளுங்கள்.

## லிட்டில் டோக்கியோ

டவுன்டவுன் பக்கத்து ஜப்பானிய வட்டாரம் இது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்யமாட்டேன். ராமென் என்ற நூடுல்ஸ் சூப் கடை வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, சைவருக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கலிபோர்னியா ரோல் என்ற சுஷிச் சுருள் எங்கே பிறந்தது என்பதில் இந்த ஊருக்கும் கனடாவின் வான்கூவருக்கும் இன்னும் பங்காளிச் சண்டை ஓடுகிறது. ஆனால் சாயங்காலம் போய் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில் ஃபுகெட்சு டோவில் மோச்சி வாங்குங்கள். 1903லிருந்து இருக்கும் கடை. அரிசி மாவுக்குள் இனிப்புப் பயறுப் பூரணம். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை.

## லாரியும் சந்தையும்

கல்பியை, அதாவது கொரியப் பாணியில் சுட்ட மாட்டு விலா இறைச்சியை, டாக்கோ என்ற மெக்சிகோ ரொட்டி மடிப்புக்குள் வைத்து, 2008ல் சமையல்காரர் ராய் சோயும் கூட்டாளிகளும் கோகி என்ற உணவு லாரியை ஓட்டினார்கள். அன்றன்றைக்கு லாரி எங்கே நிற்கிறது என்று அப்போது ட்விட்டரில் சொன்னார்கள், ஜனம் பின்னாலேயே ஓடியது. பெவர்லி ஹில்ஸ் மேஜைத்துணியின் மேல் நடந்த கலப்பு இங்கே தெருவில் நடந்தது. எனக்கு இதுதான் அதிகம் லாஸ் ஏஞ்சலிஸ். கோழியிலும் டோஃபுவிலும் கிடைக்கும். மேஜை வேண்டுமானால் டவுன்டவுனில் 1917லிருந்து இயங்கும் கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட் இருக்கிறது. ஆளுக்கொரு கடையில் வாங்கிவந்து ஒன்றாக உட்காரலாம். நாலு கட்சி மேஜைக்கு இது நல்ல சமரசம். ஆனால் ராத்திரி சீக்கிரம் அடைத்துவிடுவார்கள்.

லாரியில் உட்கார இடம் இல்லை, கை கழுவ இடம் இல்லை, கழிவறை இல்லை. இங்கேயும் அட்டையைத் தேய்த்ததும் திரையைத் திருப்பி டிப்ஸ் கேட்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிவர வேண்டாம் என்றுதான் சொல்வேன். சித்தப்பாவிடமும் அதைத்தான் சொன்னேன். கேட்கவில்லை. எங்கள் காரின் முன்பக்கத்தைத் துடைத்து அதன்மேல் தட்டை வைத்து, சாறு சட்டையில் வடியாமல் இருக்க முன்னால் குனிந்து, கோழி டாக்கோ இரண்டைச் சாப்பிட்டு முடித்தார். சித்தி காருக்குள் உட்கார்ந்து மோச்சிப் பெட்டியைத் திறந்திருந்தார். "இன்னும் ரெண்டு சொல்லவா?" என்று நான் கேட்டுத் திரும்புவதற்குள் சித்தப்பா வரிசையில் நின்றிருந்தார், முன்னால் பதினாலு பேர்.